முறை வந்தால் வயலுக்குப் போவது போல

என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் சென்ற தவணையின் கடைசி வாரத்தில் என்னிடம், "ஒவ்வொரு நாளும் விடியப்புறத்தில எழும்பி நடக்க உங்களுக்கு எப்பிடி ரீச்சர் மனம் வருது?" என்று கேட்டார். அவர் அதை முகத்துக்காகக் கேட்கவில்லை. பல தடவை தொடங்கி, தொடங்கிய ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்ட ஒருவரின் கவலை அந்தக் குரலில் இருந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டதால் அன்று நான் அரைகுறையாகவே பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். மனம் வரும், வந்த பிறகு எழும்பலாம் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதே நினைப்போடு நானும் ஏறத்தாழ நான்கு வருடங்களைக் கழித்தேன். இப்போது மூன்றாவது வருடமாக வாரத்தில் ஐந்து நாள் காலையில் நடக்கிறேன். அந்த நாட்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், பாயை விட்டு எழும்பும் நேரத்தில், நடக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குச் சிறிதளவும் இருந்ததில்லை.

2019 ஆவணியில், 43ஆவது வயதில், சாப்பிடாமல் கொடுத்த இரத்தத்தில் எனக்குச் சீனி 118 மில்லிகிராம் என்று வந்தது. 100க்குக் கீழே நின்றால் சாதாரணம். 126ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் இடையில் நின்றேன். வைத்தியர் மாத்திரை எழுதவில்லை. "நடவுங்கோ, சோத்தைக் குறையுங்கோ, ஆறு மாதத்தால வந்து திரும்பப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பினார். எனக்குப் பயப்படுவதற்குப் போதிய காரணம் இருந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் 15 வருடங்களுக்கு மேல் இருந்தது. விறகு பொறுக்கும்போது இடது காலின் பெருவிரலில் ஏறிய ஒரு முள்ளுக் காயம் ஆறாமல், முதலில் விரலையும் பிறகு பாதத்தின் முன்பகுதியையும் எடுக்க வேண்டி வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்தக் காலைக் கழுவி மருந்து கட்டியவள் நான். முள் ஏறியபோது நோகவில்லை என்று அம்மா சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கொடுமையாகத் தெரிந்தது. பாதத்தின் உணர்ச்சி அதற்கு முன்பே போயிருந்தது.

உடற்பயிற்சிக்கு ஒருவருக்கு வேண்டிய உந்துதல் இதைவிடக் கூடுதலாக இருக்க முடியுமா? ஆயினும் நான் 11 நாள்தான் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் மாமியாரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நாள் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் கிடந்தன. பதினான்காம் நாள் எந்தத் தடையும் இருக்கவில்லை, ஆனாலும் நான் போகவில்லை. பயம் உடம்பில் நோவு தெரியும்வரையில்தான் விழித்திருக்கிறது. சீனி எல்லையில் நிற்பவருக்கோ நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, அடங்காத தாகம்கூட இல்லை. ஆகையால் பயம் இரண்டு கிழமைக்குள் தானாகவே உறங்கிவிடுகிறது.

என்னைப் போல எல்லையில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பின்னர் அறிந்தேன். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் உடல் எடையில் 7 வீதக் குறைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவினரிடம் நீரிழிவு வருவது 58 வீதத்தால் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் மாத்திரை எடுத்த குழுவினரிடம் அது 31 வீதத்தால் குறைந்தது. நடை மாத்திரையை வென்றது என்று இதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள், அது சரியே. ஆனால் அந்த நடைக் குழுவில் இருந்தவர்களை "நடவுங்கோ" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை என்பதை அநேகர் சொல்வதில்லை. ஆளுக்கொரு வழிகாட்டியைக் கொடுத்தார்கள்; 16 பாடங்களை ஒருவர் முன் ஒருவராக இருத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். கிளினிக் கொப்பியோடு நாள் முழுவதும் வாங்கில் காத்திருக்கும் நம் ஊர்ச் சனத்துக்கு அப்படி ஒரு வழிகாட்டி கிடைக்கப் போவதில்லை. அந்த இடத்தை வேறு எதனால் நிரப்பலாம் என்பதைத்தான் நான் பிந்திக் கண்டுகொண்டேன்.

இரண்டாவது முயற்சி 2020 தைப்பொங்கலோடு தொடங்கியது. அடிகளை எண்ணும் செயலியைத் தம்பியின் மகன் என் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்தான். ஒரு நாளைக்கு 10,000 அடி என்பது அதில் இலக்காக இருந்தது. பாடசாலைக்குள் நடப்பதையும் கிணற்றடிக்குப் போவதையும் சேர்த்தாலும் எனக்கு 6,000, 6,500 என்றே வரும். ஒவ்வொரு இரவும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்றும் தவறிவிட்டேன் என்ற எண்ணத்தோடு படுத்தேன். மாசி முடிவதற்குள் செயலியை அழித்துவிட்டேன். அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் மனம் இவ்வளவு நொந்திருக்காது. தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்த அடுத்த வருடமான 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதற்குப் பத்தாயிரம் அடி மானி என்ற பொருளில் 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த அளவாக அது தொடங்கவில்லை. சராசரி 72 வயதுடைய ஏறத்தாழ 17,000 அமெரிக்கப் பெண்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி வரை நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகக் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் நன்மை அதிகமாக ஏறவில்லை. தோற்றுவிட்டேன் என்று நான் நினைத்த இரவுகளில் உண்மையில் எனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நடந்துதான் இருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் ஸ்கூட்டி தாழ்வாரத்தில் நின்றது. சாவகச்சேரியில் இருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு ரியூப் மாற்றி, பாடசாலை நடந்த நாட்களில் எல்லாம் போக 7, வர 7 கிலோமீற்றர் மிதித்தேன். முதற் கிழமையில் கரடிப்போக்குச் சந்தி வரை போவதற்குள் மூச்சு வாங்கியது. ஐந்தாம் கிழமையில் சோழகக் காற்று எதிரே அடித்தபோதும் இறங்காமல் போனேன். யாரும் என்னை ஊக்குவிக்கவில்லை, நானும் என்னை ஊக்குவித்துக்கொள்ளவில்லை. அந்த ஐப்பசியில் சோதித்தபோது சீனி 103. பிறகு பங்கீட்டுக்கான கியூ.ஆர். அட்டைக்குப் பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது. சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனது. இனியும் சைக்கிளில்தான் போவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், உண்மையாகவே அப்படித்தான் எண்ணியும் இருந்தேன். 2023 சித்திரையில் சீனி 121.

தேவை இருந்தபோது உடம்பு செய்தது. தேவை போனதும் விட்டது. எங்கள் தாய் தகப்பன்மார் தேகாப்பியாசம் என்று ஒன்றைத் தனியாகச் செய்யவில்லை. நாற்று நட்டார்கள், சூடடித்தார்கள், இரண்டு கட்டைத் தூரம் தண்ணீருக்குப் போனார்கள். இன்று அறுவடைக்கு மெசின் வருகிறது, வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம், கிணற்றில் மோட்டர் இறைக்கிறது. உழைப்பின் பாரம் குறைந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்; அம்மாவின் முதுகைப் பார்த்தவர்கள் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று நேரச் சோறும் பிட்டும் மட்டும் பழைய அளவிலேயே நிற்கின்றன.

2023 வைகாசியில் பக்கத்து வீட்டு அக்கா படலையில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். தானும் நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதாகவும், தனியே போக நாய்களுக்குப் பயமாக இருப்பதாகவும் சொன்னார். அதன்பின், "உன்ர மனத்தையும் நம்பேலாது, என்ர மனத்தையும் நம்பேலாது பிள்ளை. இதைத் தண்ணி முறை மாதிரி வைப்பம்" என்றார்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை குறைந்த மாதங்களில் செய்யும் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. இந்த வாய்க்காலுக்கு இந்த நாள், இந்த வயலுக்கு இந்த நேரம் என்று முறை வைத்து விடுவார்கள். முறை இரவு 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கு வரம்பில் நிற்க வேண்டும்; வக்கடையைத் திறந்து தண்ணீர் கடைசிப் பாத்தி வரை ஏறும்வரை நின்று, பிறகு அடைத்துவிட்டு வர வேண்டும். நாங்கள் ஐயா என்று அழைத்த என் தகப்பனார், மண்வெட்டியைத் தோளில் வைத்து, ரோச் லைற்றைக் கையில் பிடித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்டு இரண்டாம் நாளும் போயிருக்கிறார், தாத்தா இறந்து வந்த எட்டுச் செலவுச் சடங்குக்கு முதல் நாள் இரவும் போயிருக்கிறார். தண்ணீர் கட்ட மனம் இருக்கிறதா என்று அவரிடம் எவரும் கேட்டதில்லை. முறை வந்தது, போனார். திரும்பி வந்து, தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவு போன பிறகு வந்தது. போவதற்கு முன் அது அங்கே இருக்கவில்லை.

அக்கா சொன்னபடி நாங்கள் நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5:10. என் படலையில் இருந்து வாய்க்கால் ஓர மண்பாதை வழியே இரண்டாவது மதகு வரை, அங்கிருந்து திரும்பி வீட்டுக்கு. இவ்வளவு சிறிய ஏற்பாட்டுக்கு எவ்வளவு பெலன் இருக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2002இல் மில்ன், ஓர்பெல், ஷீரன் என்ற மூவர் பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர்கள் 248 பேரிடம் வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்யும்படி கேட்டார்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்கப்படாதவர்களில் 38 வீதத்தினர் செய்தார்கள். இருதய நோயின் ஆபத்தைப் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மையைப் பற்றியும் ஊக்கமூட்டும் வாசிப்பைப் பெற்றவர்களில் 35 வீதத்தினர் செய்தார்கள். அந்த வாசிப்போடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதியும் கொடுத்தவர்களில் 91 வீதத்தினர் செய்தார்கள். ஊக்கம் மாத்திரம் பெற்றவர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிட ஓர் அடிகூட முன்னால் போகவில்லை என்பதை நான் முதலில் நம்பாமல் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு என் 11 நாட்கள் நினைவுக்கு வந்தன.

முதல் நாள் நடக்கும்போது என் கைகள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறின. சிறிது தூரம் மார்போடு கட்டிக்கொண்டேன், பிறகு துவாயின் இரண்டு நுனியையும் பிடித்தேன், பிறகு ஒரு தடியை முறித்து எடுத்தேன். மதகடிக்கு வந்தபோதுதான் காரணம் புரிந்தது. வெறுங்கையோடு நான் நீண்ட தூரம் நடந்ததே இல்லை. 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் போனபோது தலையில் அரிசிப் பையும் கையில் தண்ணீர்க் கலனும் இருந்தன. 2009இன் முதல் மாதங்களில் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனபோது இடுப்பில் இரண்டு வயது மகன் இருந்தான். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமி நாங்கள் போவதைப் பார்த்துவிட்டு, "நாங்கள் நடந்த நடை காணாதே பிள்ளையள்?" என்று கேட்டார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவர் அந்த நடையில் இருந்து திரும்பவில்லை. வன்னியில் நடை, ஓட்டம், விடியற்காலை, இருட்டு என்ற சொற்களுக்கு எல்லாம் இன்னொரு நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரங்களில் இருந்து உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. எனக்கு அந்த நினைவு குறைவதற்கு ஐந்தாறு மாதங்கள் எடுத்தன. மதகில் தொட்டுத் திரும்பும்போது, இதே படலைக்குள் நுழைந்து, இதே அடுப்பில் தேத்தண்ணீர் வைப்பேன் என்று ஒவ்வொரு நாளும் தெரிந்திருப்பதுதான் அதைக் குறைத்தது என்று நினைக்கிறேன். இப்போது கைகள் தாமாகவே வீசுகின்றன.

எங்கள் படலை தகரப் படலை. அக்கா திறப்புக் கோர்வையால் அதில் மூன்று தட்டுத் தட்டுவார். கூப்பிட மாட்டார், குழந்தைகள் எழும்பிவிடுவார்கள் என்று முன்வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னதில் இருந்து தட்டுவது மட்டும்தான். தகரத்தின் அந்தச் சத்தம் மெல்லியதாக இருந்தாலும் வளை மரம் வரை ஏறிவரும். மணிக்கூட்டு அலாரத்தை நான் எத்தனையோ தடவை அமத்திவிட்டு உறங்கியிருக்கிறேன். இருட்டில், பனியில், கையில் நாய்க்குத் தடியோடு, 59 வயதுப் பெண் ஒருவர் வெளியே நிற்கிறார் என்று தெரிந்த பின்னர் உறங்க முடியாது. எனக்கு மனம் இல்லாத நாட்களில் அக்காவுக்கு இருந்ததா என்று பின்னர் ஒரு நாள் கேட்டேன். நீ எழும்பிச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிற்பாய் என்று நினைத்துத்தான் தானும் வந்ததாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் மனம் இல்லாத எத்தனை காலைகளில் நாங்கள் சேர்ந்து நடந்திருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க முடியாது.

கோயிலுக்கு வைக்கும் நேர்த்திக்கடனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இறுக்கமான மன உறுதிக்கு எங்கள் மண்ணில் அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் கால்நடையாகப் போகிறவர்களையும், செல்வச்சந்நிதியில் இருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வருடம் நேர்த்தி வைத்து வற்றாப்பளைக்கு நடந்திருக்கிறேன். கால் கொப்பளித்தாலும் நிற்கத் தோன்றவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த அடுத்த நாள் கடைக்குப் போகக்கூட நான் ஸ்கூட்டியை எடுத்தேன். நேர்த்திக்கு முடியும் நாள் ஒன்று இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு பாரத்தையும் தாங்க முடிகிறது. சீனியைக் கட்டுப்படுத்தும் நடைக்கு அப்படி ஒரு நாள் இல்லை. 30 நாள் சவால், 100 நாள் சவால் என்று இளம் பிள்ளைகள் தொடங்கும்போது எனக்கு இந்த நினைவுதான் வருகிறது. முப்பத்தோராம் நாளுக்கு என்ன ஏற்பாடு என்று அவர்களிடம் கேட்பேன்.

நாங்கள் தொடங்கியது 15 நிமிட நடையோடு. முதல் மாதம் இரண்டாவது மதகு வரை போகாமல் முதலாவது மதகோடு திரும்பினோம். அக்காவின் கணவர் கமக்காரர் அமைப்பில் இருப்பவர். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். ஆசைப்பட்டு அதற்கு மேல் விதைத்தவனுக்குக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாமற் போகும், கடைசியில் முழுவதும் கருகும். தொடங்கும் கிழமையில் எங்களுக்கு இருந்த உற்சாகத்துக்கு ஒரு மணித்தியாலம் நடந்திருக்கலாம். ஆனால் பெலனை அளக்க வேண்டியது தவணை முடிவில், களைத்து, நித்திரை காணாமல் எழும்பும் காலையில்தான். அந்தக் காலையிலும் முடியும் என்ற தூரத்தையே நாங்கள் எடுத்தோம். பிறகு இரண்டு மாதத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி 40 நிமிடத்துக்கு வந்தோம். வாரத்துக்கு 200 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் 150 முதல் 300 நிமிடத்துக்குள் அது நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று அதே வழிகாட்டல் சொல்வதால், செவ்வாயும் வெள்ளியும் திண்ணையில் கதிரையைப் போட்டு இருந்து எழும்புவதையும், சுவரில் கையூன்றித் தள்ளுவதையும் செய்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து நிமிட வேலை.

தவறும் நாட்களைப் பற்றித்தான் அந்த இளம் ஆசிரியைக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பினேன். அவர் ஒரு நாள் தவறினால் அந்த வாரம் போய்விட்டது என்று எண்ணி, திங்களுக்குத் தள்ளி, பிறகு அடுத்த முதலாம் திகதிக்குத் தள்ளுகிறார். நானும் அப்படித்தான் செய்தேன். வயலில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு முறை தவறினால் பயிர் வாடும், ஆனால் அதற்காக அடுத்த முறைக்குப் போகாமல் விட்டவரை நான் கண்டதில்லை. அவர்தான் முதல் ஆளாக வரம்பில் நிற்பார். ஒரு பழக்கம் படிவதற்கு 21 நாள் போதும் என்று பலர் சொல்கிறார்கள். மக்ஸ்வெல் மால்ற்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், முகத்தை மாற்றியமைத்த தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் எடுக்கிறது என்று 1960இல் எழுதியதில் இருந்து பரவிய கணக்கு அது. பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் லண்டனில் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை விரியும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்குக் கூடிய நாட்கள் எடுத்தன. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இருபத்திரண்டாம் நாளும் எழும்பக் கஷ்டமாக இருக்கிறதே, நம்மில்தான் குறை என்று நினைத்து விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கிறது.

ஒரு நாள் தவறலாம், ஆனால் எத்தனை நாள் தவறலாம் என்பதற்கும் எல்லை உண்டு. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்தில் உள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பின்னரும் ஒன்று இரண்டு நாட்களுக்கு அந்தத் தசையில் இன்சுலின் நன்றாகப் பிடிக்கிறது. பிறகு அந்த நன்மை கரைந்துவிடுகிறது. இதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக்கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. எங்கள் சனியும் ஞாயிறும் சரியாக அந்த எல்லையில் வருகின்றன. ஆகவே வெள்ளி தவறினாலோ, திங்கள் தவறும் என்று தெரிந்தாலோ அந்தச் சனி அல்லது ஞாயிறு பின்னேரம் கனகாம்பிகை அம்மன் கோயிலுக்கு நடந்து போய்வருவது என்று வைத்திருக்கிறோம்.

மழைக்காலம் எங்களைச் சோதித்தது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மண்பாதை சேறாகிவிடும்; வாய்க்கால் ஓரத்துப் புல்லுக்குள் புடையன் கிடக்கும்; வெள்ளம் நின்ற இடங்களில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம். முதல் வருடம் மழை விடட்டும் என்று காத்திருந்து 17 நாட்களை இழந்தோம். இரண்டாம் வருடம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டோம்: மழையென்றால் அதே 5:10க்கு எங்கள் விறாந்தை. 11 அடி போய் 11 அடி வருவது சலிப்பானதுதான். அக்கா வானொலியைக் கொண்டுவந்து மெல்லிய சத்தத்தில் வைப்பார். 2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் ஒழுங்கை முழுவதும் தண்ணீர் நின்றபோதுகூட, சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று கிழமை படுத்துவிட்டேன். எழும்பிய முதல் நாள் முதலாவது மதகுக்கே போக முடியவில்லை. பாதி வழியில் இருந்த மருத மரத்தடியில் திரும்பினோம். பழைய தூரத்துக்கு வர ஐந்து கிழமை சென்றது. முன்பென்றால் அந்த மருத மரத்தடியிலேயே நான் விட்டிருப்பேன்.

பெண்கள் வெளியில் நடப்பதைப் பற்றி ஊர் சொல்வதையும் மறைக்கக் கூடாது. வேலை இல்லாதவர்கள் என்றார்கள். இந்த வயதில் சப்பாத்தும் சுடிதாரும் எதற்கு என்றார்கள். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா தமது 72ஆவது வயதில் தங்கப் பதக்கங்கள் வென்றார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் அந்தப் பேச்சு நன்றாகக் குறைந்தது. கடைசியாகச் சோதித்தபோது என் சீனி 101. வைத்தியர் கொப்பியில் ஒரு கோடு போட்டு, "இதையே விடாமல் செய்யுங்கோ" என்றார்.

2025 ஆனியில் அக்கா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா போனார். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை தகரம் சத்தம் போடவில்லை. நான் விழித்துத்தான் கிடந்தேன், 5:10 ஆனது, 5:20 ஆனது, எழும்பவில்லை. செவ்வாயும் அப்படியே போனது. செவ்வாய் இரவு, சனி ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள் போய்விட்டது என்று எண்ணியபோது பயம் வந்தது. அன்று இரவே தபாற்கந்தோருக்கு அருகில் குடியிருக்கும் ஒரு தங்கச்சிக்கு அழைப்பு எடுத்தேன். பிரஷருக்குக் குளிசை எடுப்பவள், எங்களோடு வர வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். நாளை 5:10க்கு வருவேன், சப்பாத்துக் கட்டிக்கொண்டு நில் என்றேன். அவளுடையது மரப் படலை. தட்டினால் வீட்டுக்குள் கேட்காது; கொண்டியைப் பிடித்து ஆட்ட வேண்டியிருக்கிறது.